சுடப் பழகிய சனிக்கிழமைகள்

மூன்று வருடங்களுக்கு முந்திய ஒரு பெப்ரவரி மாதம். கனடாவில், ஸ்காபரோவின் வடக்கு ஓரத்தில், பழைய தொழிற்சாலைக் கட்டடங்கள் வரிசையாக நிற்கிற ஒரு தெருவில் ஓர் உள்ளரங்கத் துப்பாக்கிப் பயிற்சி நிலையம் இருந்தது. நாற்பத்து மூன்று வயதில், சப்பாத்தெல்லாம் பனிச் சேறாக, அதன் கதவைத் தள்ளிக்கொண்டு நான் உள்ளே போனேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். பிறந்தநாள் வீட்டில் பலூன் உடைந்தாலே நெஞ்சைப் பிடிக்கிற ஆள் நான்.

ஏன் போனேன் என்று சொல்லவேண்டும். பதினொரு வருடங்களாக நான் பாதுகாப்புக் காவலர் வேலை செய்துவந்தேன். ஓர் அலுவலகக் கட்டடத்தின் முன்மேசையில், பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடங்கும் வேலை. மகள் பள்ளிக்கூடம் முடிந்து வருகிற நேரம் நான் மோர்னிங்சைட் தெருவில் பஸ்ஸுக்கு நிற்பேன். அவளோடு இருந்து சாப்பிடக் கிடைப்பது கிழமையில் இரண்டு நாள். எங்கள் நிறுவனத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. வங்கிகளுக்கும் கடைகளுக்கும் போய்வருகிற கவச வண்டிகளில் காவலுக்குப் போகிறவர்கள். முழுக்கப் பகல் வேலை. அதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் விண்ணப்பம் போட்டேன்.

நேர்முகம், பாதுகாப்பு வகுப்பு, எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் சித்தியடைந்தேன். மிஞ்சியது சுடும் தேர்வு மட்டும்தான். அந்த வண்டியில் போகிறவர் இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்திருக்கவேண்டும் என்பது விதி. ஐம்பது தடவை சுட்டால், தாளில் போட்டிருக்கிற வட்டத்துக்குள் குறைந்தது நாற்பது விழவேண்டும். மூன்று முறை முயற்சி செய்யலாம். மூன்றிலும் தவறினால் பழைய மேசைக்கே திரும்ப வேண்டியதுதான்.

முதல் முறை இருபத்திரண்டு விழுந்தது. இரண்டாம் முறை பத்தொன்பது.

நிறுவனத்தில் பயிற்சி தருகிறவர் நல்ல மனிதர். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆறு வாரம் கழித்துக் கடைசி முறைக்கு வா, அதற்கிடையில் நிறையச் சுட்டுப் பழகு என்றார். கூட வேலை செய்கிற ஒருவன், நீ இலங்கையிலிருந்து வந்தவள்தானே, உனக்கு இதெல்லாம் பழகியிருக்குமே என்று பகிடியாகச் சொன்னான். நான் சிரித்துவிட்டு விட்டேன். வன்னியில் வளர்ந்த எனக்கு அந்தச் சத்தம் பழக்கம்தான். ஆனால் நாங்கள் பழகியது சத்தம் கேட்டதும் விழுந்து படுப்பதற்கு. பள்ளிக்கூடத்தில் மேசைக்குக் கீழே, வீட்டில் பங்கருக்குள்ளே, ரோட்டில் என்றால் மதகோரம்.

என் கணவர் என்னைவிடப் பத்து வருடம் முந்திக் கனடா வந்தவர். லொறி ஓட்டுகிறார். "உமக்கு ஏனப்பா உந்த வேலை? இருக்கிற மேசை வேலைக்கு என்ன குறை?" என்று கேட்டார். குறையை விளக்கிச் சொன்னேன். சனிக்கிழமை காலையில் காரைச் சூடாக்கி வைத்துவிட்டுத் திறப்பை என் கையில் தந்தார்.

அந்தப் பயிற்சி நிலையத்தில் அவர்களுடைய துப்பாக்கியையே எடுத்துச் சுடலாம். ஆனால் மேற்பார்வையாளர் ஒருவர் பக்கத்தில் நிற்பார். எனக்கு வாய்த்தவருக்கு என் வயதுதான் இருக்கும். கட்டையான உருவம், நரை விழுந்த மீசை, கழுத்தில் எப்போதும் காதுக்கவசம். சட்டையில் குத்தியிருந்த பெயர் இங்குள்ளவர்கள் கூப்பிட வசதியாகச் சுருக்கிய பெயர். கயானாக்காரராக்கும், இல்லாவிட்டால் மலையாளியாக்கும் என்று நினைத்தேன். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் ஆங்கிலம்தான்.

முதல் இரண்டு சனிக்கிழமையும் நான் நூறு நூறாகச் சுட்டேன். கை நோகும், தோள் நோகும், வீட்டுக்கு வந்த பிறகும் மூக்குக்குள் வெடிமருந்து மணக்கும். தாளைப் பார்த்தால் ஓட்டையெல்லாம் கீழே, இடதுபக்க மூலையில். பழகப் பழக இன்னும் கீழே போனது. நான் நாசமாகிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே விளங்கியது. ஆனாலும் நிறையச் சுடு என்றுதானே சொல்லியிருக்கிறார்கள். சுட்டுக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை அறுபதாவது ரவையோடு அவர் என் முன்னாலிருந்த பெட்டியை எடுத்து மூடினார். இன்றைக்கு இனி இது வேண்டாம் என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று கேட்டேன். நீங்கள் பிழையைத்தான் பழகிக்கொண்டிருக்கிறீர்கள் மேடம், அறுபது தடவை பிழையாகச் செய்தால் பிழையில் கெட்டிக்காரியாகிவிடுவீர்கள் என்றார். பகிடி விடுகிற முகமல்ல. எவ்வளவு சுடுகிறோம் என்பது முக்கியமில்லை, ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது என்று தெரியவேண்டும், பத்துப் போதும் என்றார்.

பிறகு மற்றப்பக்கம் திரும்பி நின்று ரவை போடுகிற மகசினைத் தானே நிரப்பித் தந்தார். நான் சுட்டேன். ஒன்று வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவது முறை விசையை அழுத்தியபோது "க்ளிக்" என்ற சின்னச் சத்தம் மட்டும் வந்தது. வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கியின் மூக்கு, யாரோ பிடித்து இழுத்ததுபோல், தொபுக்கென்று கீழே குத்தியது. இழுத்தது நான்தான்.

நல்ல ரவைகளுக்கு நடுவே வெடிக்காத போலி ரவைகளையும் கலந்து வைத்திருந்தார். எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வெடிக்கிறபோது துப்பாக்கி துள்ளுவதால் என் பிழை எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. வெடிக்காதபோது எல்லாம் பச்சையாகத் தெரிந்தது. சத்தம் வருவதற்கு முன்பே என் கை சத்தத்தை எதிர்பார்த்துக் கீழே போகிறது. கண்ணும் மூடிக்கொள்கிறது. இவ்வளவு நாளும் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் சுட்டிருக்கிறேன்.

வெட்கமாகப் போய்விட்டது. அவர் எதுவும் கேட்கவில்லை. ஏன் பயம், எந்த ஊர், என்ன நடந்தது, ஒன்றுமே இல்லை. துப்பாக்கியை வெறுமையாக்கி எனக்கும் காட்டினார். பிறகு பொக்கற்றிலிருந்து இருபத்தைந்து சத நாணயக் குற்றி ஒன்றை எடுத்துக் குழலின் மேல் வைத்தார். இது விழாமல் விசையை அழுத்துங்கள் என்றார். மீதி அரை மணித்தியாலமும் ஒரு வெடிகூட இல்லை. குற்றி விழும், அவர் குனிந்து எடுத்து வைப்பார், திரும்ப விழும். கடைசியில் நாலு தடவை விழாமல் நின்றது.

வீட்டில் பழகத் துப்பாக்கி கிடையாது. கண்ணாடி துடைக்கிற மருந்து விசிறும் போத்தல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, மூக்கு அசையாமல் மெதுவாக அழுத்தி அழுத்திப் பார்ப்பேன். குசினி ஜன்னல் அந்த மாதத்தில் பளபளவென்று இருந்தது. கணவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "கள்ளன் வந்தால் குளிப்பாட்டி அனுப்புவீர் போல" என்றார்.

நாலாவது சனிக்கிழமை முப்பது ரவைதான் சுட்டேன். இருபது வட்டத்துக்குள் விழுந்தது. அவர் தாளைக் கழற்றி என் கையில் தந்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன்.

ஐந்தாவது சனிக்கிழமைதான் அது நடந்தது.

அன்றைக்கு ஆட்கள் நிறைய. எனக்கு அடுத்த தடுப்பில் இரண்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் என்ன கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நான் கவனிக்கவில்லை. அப்போதுதான் ஐந்து ரவை போட்டுத் துப்பாக்கியை உயர்த்தியிருந்தேன். பக்கத்திலிருந்து ஒரு வெடி. அது கைத்துப்பாக்கிச் சத்தமல்ல. பெரிய ரைபிள். காதுக்கவசத்தை மீறிக்கொண்டு நெஞ்சிலே வந்து இடித்தது. தடுப்புச் சுவரே அதிர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது. என் உடம்பு செய்தது. முழங்கால் மடிந்தது. தலையைக் குனிந்தபடி குந்திவிட்டேன். சத்தம் வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பினேன். துப்பாக்கி கையில்தான் இருந்தது. அதைப் போடவேண்டும் என்றோ எங்கே பார்க்கிறது என்றோ எனக்கு நினைவேயில்லை. நிமிர்ந்து பார்த்தபோது கறுத்தக் குழல் அந்த மேற்பார்வையாளரின் வயிற்றுக்கு நேரே நின்றது. என் விரல் விசையின் மேல் இருந்தது.

அவர் விலகிப் பாயவில்லை. ஓர் அடி முன்னால் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, துப்பாக்கியை இலக்குப் பக்கமாகத் திருப்பினார். திருப்பிக்கொண்டே குனிந்து பேசினார். பேசியது தமிழ்.

"அக்கா, பயப்பட வேண்டாம். விரல் எடுக்கிறது. விரல் எடுக்கிறது. சரி. இப்ப துவக்கு விடுறது. விடுறது."

என் விரல் உடனே எழும்பியது. கை விட்டது. இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. அந்தத் தமிழை எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் அம்மாவோடு பயண அனுமதிப் பாஸ் எடுக்க வவுனியாவில் வரிசையில் நின்றபோது கேட்ட தமிழ் அது. எங்க போறது? எத்தனை நாள் நிக்கிறது? பை திறக்கிறது. யார் செய்வது என்று சொல்லாத, போறது வாறது என்று மட்டும் முடிகிற தமிழ். சோதனைச் சாவடியில் துவக்கோடு நின்ற சிங்கள இராணுவத்தினர் எங்களோடு பேசிய தமிழ். அதைக் கேட்டால் சொன்னதைச் செய்துவிட வேண்டும் என்று என் உடம்பு எப்போதோ படித்திருக்கிறது. இருபத்து நாலு வருடம் கழித்தும் மறக்கவில்லை.

அவர் ரவைகளை வெளியே எடுத்துத் துப்பாக்கியைப் பூட்டிவிட்டு என்னை வெளிக்கூடத்து வாங்கில் கொண்டுவந்து இருத்தினார். மெசினில் கோப்பி எடுத்து வந்து தந்தார். கோப்பி அவர் விரல்களில் சிந்தியிருந்தது. நடந்ததை எழுதிக் கொடுக்கவேண்டும், அதுதான் இங்குள்ள சட்டம் என்று மறுபடி ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் தமிழில் கேட்டேன். "நீங்கள் தமிழ் எங்கை பழகினனீங்கள்?"

"வவுனியா. மூணு வருசம்" என்றார். பிறகு, "எனக்கு அப்ப இருபது வயசு" என்றார்.

நான் கோப்பியைக் குடிக்கவில்லை. எழும்பிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நன்றியும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. காருக்குள் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. எனக்குள் இரண்டு எண்ணங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. ஒரு மனிதரைச் சுட்டிருப்பேனே என்பது ஒன்று. அந்த மனிதர் அவர்களில் ஒருவர் என்பது மற்றது. எதற்காக நான் காரை எடுக்காமல் இருக்கிறேன் என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "கடைசியில ஒரு ஆமிக்காரனிட்டையே போய்ச் சுடப் பழகினனீர்?" என்றார். குரலில் கோபம் இருந்தது. அவருடைய வீட்டிலும் இழப்பு உண்டு. அதை இங்கே எழுதப் போவதில்லை. இனிமேல் அங்கே போகமாட்டேன் என்று நானும் சொன்னேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்த தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

மூன்றாம் நாள் அவர் லொறிக்குப் போக ஆயத்தமாகிச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது, ஏதோ கணக்குச் சரிவராத ஆளைப்போல நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"உம்மடை கையில துவக்கு இருக்கேக்கை அவன் ஏன் ஓடேல்லை?"

"தெரியாது" என்றேன்.

"நானெண்டால் ஓடியிருப்பன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை நான் போகவில்லை. தேர்வு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை பயிற்சி நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். என்னை இனிமேல் உள்ளே விடமாட்டார்கள் என்று நிச்சயமாக நினைத்தேன். சொல்லப்போனால் அப்படிச் சொல்லிவிட்டால் நல்லது, நான் ஒன்றும் முடிவெடுக்கத் தேவையில்லை என்றும் நினைத்தேன். தொலைபேசியில் இருந்த பெண் அறிக்கையைத் தேடி எடுத்து வாசித்தாள். நடந்தது எதையும் அவர் மறைக்கவில்லை. துப்பாக்கி தன் பக்கம் திரும்பியதையும் எழுதியிருந்தார். ஆனால் கடைசியில், பக்கத்தில் பெரிய ரைபிள் சுடப்போகிறார்கள் என்று முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருக்கவேண்டியது தன் பொறுப்பு, தான் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தார். நான் திரும்பி வந்தால் ஆளில்லாத நேரத்தில், ஓரத் தடுப்பில், தானே கூட நிற்பதாகவும் எழுதியிருந்தாராம். நாளைக்குக் காலையில் இடம் இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டாள். ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை அங்கே நாங்கள் இருவர் மட்டும். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். அவரைக் கண்டதும் எல்லாம் போய்விட்டது. "நான் உங்களைச் சுட்டிருப்பன்" என்று மட்டும் சொன்னேன்.

"ஆமா" என்றார். பிறகு, "சுடல்லதானே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் மீசைக்குள்ளே சிரித்தார்.

துப்பாக்கியை எடுப்பதற்கு முன் அவர் சொன்ன விஷயம் ஒன்று. ஆங்கிலமும் அவருடைய தமிழும் கலந்து சொன்னார். இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம், கோடையில் வாணவேடிக்கை போட்ட நாள், அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் நிலக்கீழ் அறையில் படியின் கீழ் போய் இருந்தாராம். மனைவி தேடிக் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலம் ஆனதாம். இங்கே வேலைக்கு வந்த காரணமும் அதுதானாம். இந்த அறைக்குள் எந்தச் சத்தம் எப்போது வரும், ரவை எங்கே போய் நிற்கும் என்று தெரியும். வெளியே தெரியாது. தனக்கு இதுதான் பயமில்லாத இடம் என்றார்.

நீங்கள் அங்கே என்ன செய்தீர்கள் என்று அப்போது கேட்டிருக்கலாம். நாக்கின் நுனி வரை வந்தது. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும், அதற்குப் பிறகு அந்த அறையில் என்னால் நின்றிருக்க முடியுமா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பயப்படாமல் இருக்கப் பார்க்கவேண்டாம், அது முடியாது என்றார். கண்ணுக்கு ஒரு வேலை கொடுங்கள். வெடிக்கிற அந்த நொடியில் குழல் நுனியிலிருக்கிற முன்குறி எங்கே இருந்தது என்று பார்த்து எனக்குச் சொல்லுங்கள். தாளைப் பார்க்கவேண்டாம். பிறகு விரலை உயர்த்திக்கொண்டு தன் தமிழில் சொன்னார்.

"வெடி வந்த பிறகு பயப்படுறது. முன்ன பயப்பட வேண்டாம்."

ஒன்று சுட்டேன். கண் மூடிக்கொண்டது. தெரியவில்லை என்றேன். பரவாயில்லை என்றார். இரண்டாவதும் தெரியவில்லை. ஐந்தாவது தடவை, முன்குறி மேலே எழும்புவதை நான் கண்டேன். சின்னதாய் ஒரு மஞ்சள் நெருப்பு. வாழ்நாள் முழுக்க எத்தனையோ ஆயிரம் வெடி கேட்டிருப்பேன். ஒரு வெடியைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். "வலப்பக்கம், கொஞ்சம் மேல" என்றேன். தாளைக் கிட்ட இழுத்துப் பார்த்தோம். வலப்பக்கம், கொஞ்சம் மேலேதான் ஓட்டை இருந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் காதுக்கவசத்தைச் சரிசெய்கிற சாட்டில் மற்றப்பக்கம் திரும்பி நின்றார்.

அன்றைக்கு மொத்தம் இருபது ரவைதான் சுட்டேன்.

வெள்ளிக்கிழமைத் தேர்வில் நாற்பத்து மூன்று விழுந்தது. நிறுவனப் பயிற்றுநர் இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டு, நிறையச் சுட்டுப் பழகியிருக்கிறாய் என்று என் தோளில் தட்டினார்.

கணவரிடம் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். சனிக்கிழமை காலையில் கடைக்குப் போய் மட்டன் ரோல்ஸ் வாங்கி வந்து மேசையில் வைத்தார். "அந்த ஆளுக்கும் பத்து எடுத்தனான். உறைப்புத் தின்னுமோ தெரியாது" என்றார். இதை என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. அவர் கூட வரவில்லை. வாவென்று நானும் கேட்கவில்லை. சில விஷயங்களில் ஒருவருக்கு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம்தான்.

நான் போனபோது மேற்பார்வையாளர் வேறொரு பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று நாலு விரலையும் பிறகு மூன்று விரலையும் காட்டினேன். ஒருதரம் தலையை அசைத்தார். ரோல்ஸை முன்மேசையில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவரை ஒரேயொரு தடவை கண்டேன். போன வருடம் போய்க் கேட்டபோது வேலையை விட்டுவிட்டு வேறு மாகாணத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது மூன்று வருடமாகக் கவச வண்டியில்தான் வேலை. துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கவேண்டிய நிலை ஒரு நாளும் வரவில்லை, வரவும் வேண்டாம். பின்னேரம் நாலரைக்கு வீட்டில் நிற்கிறேன். மகள் தன் பள்ளிக்கூடக் கதைகளை ஆங்கிலம் பாதி தமிழ் பாதியாகச் சொல்ல, கேட்டுக்கொண்டே சமைக்கிறேன்.

எங்கள் இருவர் வாயிலிருந்தும் மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. மற்றவர்களுக்கு நடந்தவற்றுக்காக மன்னிக்கும் உரிமை எனக்கு இருக்கிறது என்றும் நான் நினைக்கவில்லை. நடந்தவற்றின் மேல் எனக்குள்ள கோபம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்துக்கு நேரே யாராவது வந்து நிற்கும்போது, அவர் யார் என்று ஒருதரம் கண்ணைத் திறந்து பார்க்கவேண்டும் என்பதை, ஓடாமல் நின்று என் கையைப் பிடித்த அந்த மனிதரிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.